உலக வாசலில் போட்ட கதிரை

யோகலிங்கத்துக்குக் கொடுத்திருந்த வேலை லேசானது. மார்கிட் என்ற வெள்ளைக்காரப் பேராசிரியை ஆங்கிலத்தில் சொல்வதை அவன் தமிழில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். மூன்று நாள் வேலை, மத்தியானச் சாப்பாடும் அங்கேயே.

சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டாவது வருடம் அது. ஆமிக்காரரின் சென்றிக் காவல் இடங்களில் பஸ்ஸை விட்டு இறக்கி நடக்க வைப்பது குறைந்திருந்தது. திருகோணமலைக்குள் வெளிநாட்டுக்காரர் கூட்டம் கூட்டமாக வந்து போனார்கள். யோகலிங்கம் உதவி விரிவுரையாளராக இருந்த சின்ன வளாகம் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தது. அதையும் தேடி வட ஐரோப்பாவிலிருந்து ஒரு பல்கலைக்கழகம் வந்தது. இரண்டு பக்கமும் கூட்டாக ஒரு ஒப்பந்தம் செய்வது. தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகளில் நாலு பேரைத் தெரிந்தெடுத்து ஒரு வருடம் தங்கள் நாட்டில் படிப்பிப்பது. திட்டத்துக்கு 'உலகப் பிரஜை' என்று பெயர் வைத்து, வந்த எல்லோருக்கும் நீலத் தொப்பி ஒன்றும் கொடுத்தார்கள்.

அந்த நாலு இடத்தில் ஒன்று இராசமலருக்குக் கிடைக்க வேண்டும் என்று யோகலிங்கம் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தான். வாய்விட்டுச் சொல்ல முடியாது. மொழிபெயர்க்கிறவன் ஒரு பக்கம் சாயக்கூடாது.

இராசமலர் சல்லி என்ற கடற்கரைக் கிராமத்துப் பிள்ளை. தாய் கருவாடு போட்டுத்தான் அவளைப் படிப்பித்தாள். முதல் நாள் எல்லோரிடமும் மார்கிட் ஒரே கேள்வியைக் கேட்டார்: ஏன் எங்கள் நாட்டுக்கு வர விரும்புகிறீர்கள்? ஒருவர் உலக சமாதானம் என்றார், ஒருவர் மனித நேயம் என்றார். இராசமலர் எழும்பி நின்றாள்.

"மாரி காலத்தில எங்கட கருவாடு பூஞ்சணம் பிடிச்சுப் போகும். அம்மா அள்ளிக் கடலுக்க எறிவா. உங்கட நாட்டில பனிக் குளிருக்கையும் மீன் காயப்போடுறவையாம். அது எப்பிடி எண்டு படிக்க வேணும்."

யோகலிங்கம் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபோது மார்கிட் கை தட்டிச் சிரித்தார். "இவளை நான் நினைவில் வைத்திருப்பேன்" என்றார். யோகலிங்கத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அவளுடைய தகப்பன் தம்பிராசாவை அவனுக்குத் தெரியும். சரியாகச் சொன்னால், தம்பிராசாவின் முதுகைத் தெரியும். அதை அவன் அவளிடம் ஒருநாளும் கதைத்ததில்லை.

மூன்றாம் நாள் காலை மண்டபத்து வாங்குகளை எல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டார்கள். நடுவில் ஒரு கதிரை மட்டும் போட்டிருந்தது. இது கடைசிப் பயிற்சி, இதற்கும் புள்ளி உண்டு என்று மார்கிட் சொன்னார். அவருடைய கையில் பழுப்பு நிறக் கடதாசிப் பை ஒன்று இருந்தது. முதலில் யார் வருகிறீர்கள் என்று கேட்ட உடனேயே இராசமலர் கையை உயர்த்திவிட்டாள்.

"முதல் போனால் பயம் கெதியா முடிஞ்சிடும் சேர்," என்று யோகலிங்கத்தின் காதோடு சொல்லிவிட்டுப் போய்க் கதிரையில் உட்கார்ந்தாள்.

மார்கிட் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல யோகலிங்கம் தமிழில் சொன்னான்.

"இந்தக் கதிரையில இருக்கிறவர் உலகத்தின்ர வாசல் காவலாளி. அவர் என்ன இனம், என்ன சமயம் எண்டு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. அதுக்காக அவற்ற தலையில இந்தப் பையைப் போடுறம். பாக்கிறதுக்கு ரெண்டு ஓட்டை வெட்டியிருக்கு."

"சேர், பேக்கரிப் பை வந்துட்டு. அதுக்குள்ள வந்த பணிஸ் எங்க?" என்றான் அஸீம். கிண்ணியாப் பெடியன், வாய் ஓயாதவன். எல்லோரும் சிரித்தார்கள். மார்கிட்டுக்கு விளங்காவிட்டாலும் அவரும் சிரித்தார்.

பையை இராசமலரின் தலையில் மெதுவாகப் போட்டுவிட்டு, மார்கிட் மேலே சொன்னார். யோகலிங்கமும் சொன்னான்.

"மற்ற எல்லாரும் வரிசையில நில்லுங்கோ. ஒவ்வொருத்தராக் கதிரைக்கு முன்னால வாங்கோ. முகத்தை நிமித்திக் காட்டுங்கோ. உங்களை உள்ள எடுக்கலாம் எண்டு காவலாளிக்குப் பட்டால்..."

நாக்கு அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டது. வரிசை, கதிரை, முகத்தை நிமிர்த்து. இவை தன் சொற்கள் இல்லை என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. இதே சொற்களை இதே ஒழுங்கில் அவன் முன்னொரு தரம் கேட்டிருக்கிறான், ஒலிபெருக்கியில், வெயிலில் நின்றுகொண்டு. மார்கிட் சிரித்த முகத்தோடு அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"...தலையாட்டுவார்," என்று முடித்தான்.

மண்டபத்தில் மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது.

தொண்ணூறாம் ஆண்டு இங்கே இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இல்லாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். விடியக் காலையில் ஆமிக்காரர் ஊரைச் சுற்றி வளைப்பார்கள். ஆம்பிளைகளை எல்லாம் ஒரு மைதானத்துக்கு வரச் சொல்வார்கள். அங்கே ஒரு ஆளை உட்கார்த்தி வைத்திருப்பார்கள். தலையிலிருந்து இடுப்பு வரைக்கும் சாக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஊர்ச் சனம் ஒவ்வொருத்தராக அந்த ஆளுக்கு முன்னால் போக வேண்டும். சாக்கு அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். சாக்கு மேலும் கீழும் ஒரு தரம் அசைந்தால், அந்த மனிசனை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போவார்கள். போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. சாக்குக்குள் இருந்தவனுக்குச் சனம் வைத்த பெயர் தலையாட்டி. அவன் யார், ஊர்க்காரனா, பிற ஊரா, அடி தாங்க ஏலாமல் ஆட்டினானா, ஒன்றும் யாருக்கும் தெரியாது.

யோகலிங்கம் அப்படி ஒரு வரிசையில் நின்றவன். அவனுக்குச் சற்று முன்னால் நின்றது தம்பிராசா. சாக்கு அசைந்தது தம்பிராசாவுக்கு. வேப்பமர நிழலில் பொம்பிளைகளோடு நின்று அதைப் பார்த்த சின்னப் பெட்டைதான் இப்போது கடதாசிப் பையைத் தலையில் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

வரிசை தானாகவே நேராகிவிட்டது. யாரும் நெருக்கவில்லை, கதைக்கவில்லை. யோகலிங்கம் பார்த்துக்கொண்டே நின்றான்: பெடியன்களின் கை ஒவ்வொன்றாகச் சேட்டுப் பைக்குள் போனது. அடையாள அட்டை வெளியே வந்தது. எதிரில் இருப்பவருக்குத் தெரியும்படி நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தரும் எடுக்கச் சொல்லவில்லை. சீனன்குடாவிலிருந்து வந்த நிலாந்தி என்ற சிங்களப் பிள்ளை முன்னும் பின்னும் பார்த்தாள். விதி இதுதானாக்கும் என்று நினைத்துத் தன் கைப்பையைத் திறந்து அவளும் அட்டையை எடுத்துப் பிடித்தாள்.

"என்ன அட்டை இது? உலகத்துக்குள் வர அடையாள அட்டை தேவையில்லை என்று சொல்லுங்கள்!" என்றார் மார்கிட் குதூகலமாக.

யோகலிங்கம் சொன்னான். ஒருத்தரும் அட்டையை உள்ளே வைக்கவில்லை.

முதலாவது பெடியன் கதிரைக்கு முன்னால் போய் நின்றான். முகத்தை நிமிர்த்தினான். நீலத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அதையும் ஒருத்தரும் சொல்லவில்லை.

அப்போது இராசமலர் தன் இரண்டு கையையும் உயர்த்தினாள். பையோடு சேர்த்துத் தன் தலையை இரண்டு காதுப் பக்கமும் இறுக்கிப் பிடித்தாள். தண்ணீர்க் குடத்தைத் தளம்பாமல் பிடிக்கிற மாதிரி. பை கசங்கியது. தலை அசையவில்லை.

முதலாவது பெடியன் மூச்சு விட்டுக்கொண்டு மற்றப் பக்கம் போனான். அடுத்தவன் வந்தான். அடுத்தவள் வந்தாள். பை அசையவில்லை. நடுவில் அவளுக்கு இருமல் வந்தது. தோள் குலுங்கியது. விரல்கள் வெளுக்கும் அளவுக்குத் தலையை இன்னும் அழுத்திப் பிடித்தாள். இருமலை விழுங்கிவிட்டாள். நிலாந்தி வந்து நின்று, என்ன நடக்கிறது என்று விளங்காமல் கதிரைக்குக் கிட்டக் குனிந்து, "மலர், என்ன? சுகமில்லையா?" என்று கேட்டாள். அவளுக்கும் பை அசையவில்லை.

கடைசியாக அஸீம். வரும்போது ஏதோ பகிடி விடத்தான் வந்தான், வாயில் சிரிப்பு இருந்தது. ஓட்டைக்குள் தெரிந்த கண்ணைக் கண்டதும் சிரிப்புப் போய்விட்டது. "நான்தான் அஸீம்," என்று மட்டும் மெல்லச் சொன்னான். அவனுக்கும் அசையவில்லை.

முடிந்தது. மார்கிட் வந்து பையைக் கழற்றினார். இராசமலரின் முகம் வேர்த்துத் தோய்ந்திருந்தது. ஆனால் அந்த முகத்தில் ஒரு ஆறுதல் இருந்தது. பெரிய சோதினை ஒன்றைப் பிழையில்லாமல் எழுதி முடித்த ஆறுதல்.

மார்கிட்டின் முகம் வேறு மாதிரி இருந்தது. அவர் மேசைக்குப் போய், பக்கத்தில் இருந்த பேராசிரியர் சிவகுருநாதனோடு குனிந்து கதைத்தார். சிவகுருநாதன் கொழும்பிலிருந்து வந்தவர், ஒப்பந்தத்துக்கு இந்தப் பக்கத்துப் பொறுப்பு அவர்தான். அடுத்த நாள் கையெழுத்து. பிறகு மார்கிட் யோகலிங்கத்தைப் பார்த்துச் சொன்னார். அவருடைய குரலில் உண்மையான கவலை இருந்தது.

யோகலிங்கம் இராசமலரிடம் திரும்பினான். இந்த வசனத்தைத் தமிழில் சொல்ல அவனுக்கு வாய் கூசியது.

"பிள்ளை... அவ கவலைப்படுறா. நீர் ஒருத்தரைக்கூட ஏற்கேல்லையாம். உம்மட சிநேகிதரைக்கூட. உலகத்துக்குக் கதவைப் பூட்டிப்போட்டீராம். இதுக்குப் புள்ளி ஒண்டும் போட ஏலாதாம்."

இராசமலர் அவனைப் பார்த்தாள். விளங்கவில்லை.

"நான் ஒருத்தரையும் காட்டிக் குடுக்கேல்ல சேர்."

"ஓம் பிள்ளை."

"ஒருத்தரையும் காட்டிக் குடுக்கேல்ல. எல்லாரும் அங்கால போட்டினம். நீங்கள் பாத்தனீங்கள்தானே?"

"என்ன சொல்கிறாள்?" என்று மார்கிட் கேட்டார்.

யோகலிங்கம் வாய் திறக்கும் முன்னம் சிவகுருநாதன் எழும்பி வந்து அவன் தோளைப் பிடித்து யன்னல் பக்கம் கொண்டுபோனார்.

"ஐசே, பிள்ளை பதட்டப்பட்டுப் போச்சு எண்டு சொல்லும். முடிஞ்சுது."

"சேர், அவளுக்கு அந்தத் தலையாட்டிக் கதை..."

"எனக்கு விளங்குது. விளங்காமலோ? ஆனா நாளைக்கு அமைச்சிலயிருந்து ஆள் வருது. இந்த நேரம் பழசைக் கிண்டினால் ஒப்பந்தமும் இல்லை, நாலு இடமும் இல்லை. ஒரு பிள்ளைக்காக மற்றதுகளின்ர வாயில மண்ணைப் போடப் போறீரோ?"

"நீங்கள் அப்ப இங்க இருந்தனீங்களோ சேர்?"

"நான் லண்டனில படிச்சுக்கொண்டிருந்தனான். அதுக்கென்ன இப்ப?"

அதுக்கென்ன என்று யோகலிங்கத்துக்கும் சொல்லத் தெரியவில்லை. திரும்பி வந்தான். மார்கிட் காத்துக்கொண்டிருந்தார். கதிரையில் இருந்த பிள்ளையும் காத்துக்கொண்டிருந்தாள். பதட்டம் என்பதற்கு ஆங்கிலச் சொல் அவன் வாயில் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, "நான் ஒருத்தரையும் காட்டிக் கொடுக்கவில்லை" என்று அவள் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னான். சொன்ன பிறகு நிற்பாட்ட முடியவில்லை. மைதானம், சாக்கு, இரண்டு ஓட்டை, தம்பிராசாவின் முதுகு, எல்லாவற்றையும் சொன்னான். மொழிபெயர்க்க வந்தவன் அன்றைக்குத்தான் தன் சொந்தக் கதையை முதன்முதலாகக் கதைத்தான், அதுவும் இன்னொருத்தர் மொழியில்.

அவன் ஆங்கிலத்தில் சொன்னாலும் தகப்பனின் பெயர் தமிழ்தானே. இராசமலர் தலை நிமிர்ந்தாள்.

"சேர், நீங்கள் அண்டைக்கு அங்க நிண்டனீங்களோ?"

"ஓம் பிள்ளை. கொப்பாவுக்குப் பின்னால நிண்டனான்."

நிலாந்தி வாயைக் கையால் பொத்திக்கொண்டு சுவரோரத்து வாங்கில் இருந்துவிட்டாள். அஸீம் தன் அடையாள அட்டையை அப்போதுதான் பைக்குள் வைத்தான்.

மார்கிட் கையில் இருந்த பையைக் கீழே வைக்கவும் தெரியாமல், பிடித்திருக்கவும் முடியாமல் நின்றார்.

"இந்தப் பயிற்சியை உருவாக்கியதே நான்," என்றார். "எத்தனையோ நாடுகளில் செய்திருக்கிறோம். எங்கேயும் ஒருவரும் இப்படிச் சொல்லவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். சத்தியமாகச் சிரித்தார்கள், பாருங்கள்."

தன்னைக் குற்றத்திலிருந்து மீட்கிறவர் போல மடிக் கணினியைத் திறந்து படங்களைக் காட்டினார். ஒரு நாட்டில் புல்வெளியில் கதிரை. இன்னொரு நாட்டில் பள்ளிக்கூட அறை. பையைப் போட்டவர்கள் கை விரித்துக் கூத்தாடுகிறார்கள், வரிசையில் நிற்பவர்கள் சிரித்துக் குனிகிறார்கள். அப்படியே தட்டிக்கொண்டு போனவரின் விரலை யோகலிங்கம் தடுத்தான்.

"இது?"

கதிரையில் ஒரு நடுத்தர வயது ஆள். சேட்டுப் பொத்தான்களைக் கழுத்து வரைக்கும் பூட்டியிருந்தார். தலையில் பை. இரண்டு கையாலும் பையைக் காதோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தார். சுற்றி நின்றவர்கள் படம் எடுப்பவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவர் பகிடிக்காரர் என்று..." என்று தொடங்கிய மார்கிட் நிறுத்திவிட்டார்.

எந்த நாடு என்று கேட்டான். சொன்னார். உலகத்தின் மறு கரையில் இருக்கும் ஒரு நாடு. அங்கேயும் நெடுங்காலம் சண்டை நடந்ததாக யோகலிங்கம் வானொலிச் செய்தியில் கேட்டிருந்தான். அதைவிட அதைப்பற்றி ஒன்றும் தெரியாது.

"இவருக்கு இடம் கிடைத்ததா?"

மார்கிட் தலையை இல்லை என்று அசைத்தார். பிறகு அசைத்த தலையைத் தானே கையால் பிடித்துக்கொண்டு மேசையடிக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

என்ன படம் என்று இராசமலர் எட்டிப் பார்த்தாள். யோகலிங்கம் விளக்கத் தேவைப்படவில்லை.

"அவரும் ஒருத்தரையும் குடுக்கேல்லப் போல," என்றாள். பிறகு, "சேர், அவவிட்டச் சொல்லுங்கோ. இனி இந்தப் பையை ஒருத்தருக்கும் போட வேண்டாம். எனக்கு இடம் தாறதும் விடுறதும் அவவின்ர விருப்பம்."

யோகலிங்கம் சொன்னான். மார்கிட் பையைக் கிழித்தார். அந்த இடத்திலேயே, எல்லோருக்கும் முன்னால், துண்டு துண்டாக. மற்றப் பிள்ளைகளை இனிக் கேள்வி கேட்டு மட்டும் தெரிவு செய்வதாகச் சொன்னார். இராசமலரின் கையைப் பிடித்து, உனக்காக நான் எங்கள் குழுவோடு கதைப்பேன், இது என் வாக்கு என்றார். அழுதார். அது நடிப்பில்லை என்று யோகலிங்கத்துக்குத் தெரிந்தது. அடுத்த நாள் ஒப்பந்தமும் குறையில்லாமல் கையெழுத்தானது.

மாரி தொடங்குவதற்கு முன்னம் சிவகுருநாதன் தொலைபேசியில் எடுத்தார்.

"ஐசே, நாலு பேரும் தெரிவாகியாச்சு. கிண்ணியாப் பெடியன் இருக்கிறான், சீனன்குடாப் பிள்ளை இருக்கிறா. உம்மட பிள்ளை இல்லை."

"ஏன் சேர்?"

"மார்கிட் அங்க பெரிய சண்டை பிடிச்சவவாம். பயிற்சியை அவையள் அடியோட நிப்பாட்டிப் போட்டினம், அதில ஒரு குறையும் சொல்ல ஏலாது. ஆனா பயிற்சி செய்து முடிச்ச ஆளுக்கு விழுந்த புள்ளி விழுந்ததுதானாம். ஒருத்தருக்கு மாத்தினால் முந்திச் செய்த எல்லா நாட்டுக்கும் மாத்த வேணுமாம். குழு ஒத்துக்கொள்ளேல்ல."

யோகலிங்கம் தொலைபேசியை வைத்தான். கதிரையில் உட்காராதவர்கள் எல்லோரும் தப்பிவிட்டார்கள். முதல் ஆளாகக் கை உயர்த்தியவள் மட்டும் மாட்டிக்கொண்டாள்.

அஸீம்தான் மோட்டார் சைக்கிளில் அவனைச் சல்லிக்கு ஏற்றிக்கொண்டு போனான். வழி முழுக்க ஒரு பகிடியும் விடவில்லை. அம்மன் கோயிலடியில் நிறுத்திவிட்டு இறங்கவும் இல்லை.

"நீங்க போங்க சேர். எனக்கு அவட முகத்தப் பாக்க ஏலா."

"நீ என்னடாப்பா பிழை செய்தனி?"

"ஒண்டும் செய்யல்ல. அதான் ஏலா."

இராசமலர் கடற்கரையில் பாயில் பரப்பிய மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். தாய் எட்டத்தில் காகம் கலைத்துக்கொண்டு நின்றாள். அவனுடைய நடையிலேயே இராசமலருக்கு விளங்கிவிட்டது போல. எழும்பவில்லை.

"இல்லை என்ன சேர்?"

"இல்லைப் பிள்ளை."

காரணத்தையும் சொன்னான். அவள் கை நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மீன், இன்னொரு மீன்.

"பையை நிப்பாட்டிப் போட்டினமோ?"

"ஓம். இனி எந்த நாட்டிலயும் இல்லையாம்."

"அது நல்லது."

வரிசை முடிந்து அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள். அங்கே கை நின்றது.

"சேர், அண்டைக்கு நான் ஆரோ ஒருத்தருக்கு ஒரு தரம் தலையாட்டியிருந்தால், போயிருப்பனோ?"

பொய் சொல்லலாமா என்று யோகலிங்கம் யோசித்தான். அவளுடைய கண் அவன் முகத்தை விட்டு எடுபடவில்லை.

"ஓம்," என்றான்.

அவள் கையில் ஒட்டியிருந்த செதிலைப் பாவாடையில் துடைத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

"அப்ப அப்பாவுக்கு ஆட்டினவனும் எங்கையாவது நல்ல இடத்துக்குப் போயிருப்பான், என்ன சேர்?"

யோகலிங்கம் வாய் திறந்தான். தமிழும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. அவள் மீனைத் தொடாமல், அவன் பதில் சொல்லும் வரைக்கும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.